பரண் மேல் நாத்தனார்

நாத்தனார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னை மார்க்கையன்கோட்டைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரே மகன், சின்னமனூர் உரக்கடையில் வேலை, வாய்க்கால் பாயும் வயல் கொஞ்சம், மாமனார் தவறிவிட்டார், வீட்டில் மாமியார் ராக்கம்மாள் மட்டும்தான் என்று தரகர் சொல்லச் சொல்ல, அல்லிநகரத்தில் என் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நாத்தனார்களிடம் அவள் பட்ட பாடு அப்படி. நான் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நாத்தனார் இருக்கிறாள். அடுப்படிப் பரணில் இருக்கிறாள்.

பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பல வீடுகளில் உள்ளதுதான். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டிக்குள் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, சீப்பு, சின்னக் கண்ணாடி. தை மாதக் கடைசி வெள்ளியில் பெட்டியை இறக்கி, புதுத்துணி வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள். பழைய துணி சொந்தத்தில் ஏதாவது ஒரு சின்னப் பெண்ணுக்குப் போகும். என் வீட்டுக்காரர் சசிதரனின் தங்கை பவுனு மஞ்சள்காமாலையில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. இருந்திருந்தால் இப்போது என் வயதுதான்.

கன்னியைக் கும்பிடுவதற்கு ஒரு கண்டிப்பான முறை இருக்கிறது. அவளுக்கு வயது ஏறக்கூடாது. ஒன்பதில் போனவளுக்கு எத்தனை வருஷமானாலும் ஒன்பது வயதுத் துணிதான். வளரவிட்டால் அவளுக்கு ஆசைகள் வந்துவிடும், துணை கேட்பாள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எங்கள் பங்காளி வீட்டுப் பெரியத்தை மொக்கம்மாள் ஒவ்வொரு தையிலும் பாவாடையை விரித்து, தன் கைச்சாணால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க விடுவார். “மொறையாக் கும்பிடுறவரைக்கும் பெட்டி ஒங்கிட்ட இருக்கட்டும் ராக்கு. மொறை தப்புனா மூத்தவுக வீட்டுக்குத் தூக்கிருவோம்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவார். என் மாமியார், அத்தை, தலையைக் குனிந்துகொள்வார்.

நான் பவுனுவோடு சண்டைபோட நினைத்து வந்தவள் இல்லை. முகம் பார்க்காத பிள்ளையிடம் எனக்கென்ன பகை? அவள்தான் என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அடுப்படியைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். இரண்டு பேர் நின்றால் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் அரிசி டிரம். அதன் தலையில் புளிப்பானை. மேடைக்கு அடியில் தேங்காய்க் குவியல், உருண்டு வந்து காலை இடிக்கும். விட்டத்துக் கொக்கியில் வாழைத்தார், நிமிர்ந்தால் நெற்றியை இடிக்கும். வயலில் விளைவதெல்லாம் என் காலடிக்குத்தான் வந்து சேரும். ஆனால் தலைக்கு மேலே மூன்று சுவரையும் சுற்றி அகலமான பரண் ஓடுகிறது. ஒரு ஆள் கைகாலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். அதன் முன்னால் ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டி வைத்திருந்தார் அத்தை.

என் சீர்ப் பாத்திரங்கள் சாக்கில் இருந்தன. அம்மா தேனிக் கடைவீதியில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஹேமாவதி என்று பேர் வெட்டி, பக்கத்தில் ஒரு பூவும் வெட்டியிருக்கும். கல்யாணத்தன்று கூடத்தில் அடுக்கி வைத்தபோது ஊரே வந்து பார்த்தது. மறுநாள் சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். “எடம் வரட்டும்த்தா, எடுத்து அடுக்கிக்கிருவோம்” என்றார் அத்தை. இடம் வரும் வரும் என்று ஏழு வருஷம். என் மகன் பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான். இடம் மட்டும் வரவில்லை. நான் அத்தையின் சட்டியில் குழம்பு வைத்து, அத்தையின் வட்டிலில் சோறு தின்றுகொண்டிருந்தேன். என் வீட்டில் நானே விருந்தாளி.

கேட்காமல் இருந்தேனா? கேட்டேன்.

“பரண்ல அப்படி என்னதேன் இருக்கு?” என்றால் என் வீட்டுக்காரர், “அம்மா சாமான்” என்பார்.

“என்ன சாமான்?”

“எனக்கென்னடி தெரியும்? அம்மாட்ட கேளு.”

உரக்கடையில் இந்த மனுஷன் மூட்டை அடுக்குவதைப் பார்க்க வேண்டும். கூரை வரைக்கும் ஏற்றியிருப்பார், எந்த மூட்டையைக் கேட்டாலும் மற்றதைத் தொடாமல் உருவித் தருவார். வீட்டுக்கு வந்தால் சொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அத்தையிடம் கேட்டாலோ, “அங்கன கன்னி இருக்கா, பேசாம இரு” என்று ஒரே வார்த்தை. ஓலைப்பெட்டி ஒரு மூலையில் அடங்கிவிடும். மிச்சம் அத்தனை இடத்தையும் கன்னி என்ன செய்கிறாள், பாண்டி ஆடுகிறாளா என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்படித் தரையிலேயே தலைக்குக் கையை வைத்துப் படுத்துவிடுவது என் வழக்கம். மேலே பார்த்தபடி கிடப்பேன். கம்பம் பக்கமிருந்து காற்று வந்து திரையை லேசாக ஊதும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்போது கட்டிலுக்கு அடியில் சாக்கு மெல்ல அவிழும். என் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அண்டா முன்னால், அதன் பின்னால் குண்டாக்கள், கடைசியில் கும்பாவும் சின்னச் சின்னக் கிண்ணங்களும். சத்தம் காட்டாமல் நிலைப்படி தாண்டி, சுவரில் ஏறி, அதது தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுப்படி முழுக்க வெள்ளி வெளிச்சம் நிறையும். யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். நானும் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நடுவில் நிற்பேன். அத்தை கூடத்திலிருந்து இருமுவார். உடனே எல்லாம் ஓடிப்போய்ச் சாக்கில் புகுந்துகொள்ளும்.

அந்த ஆனி மாதம் மயிலாடும்பாறையில் ஒரு காதுகுத்து. அத்தையும் மொக்கம்மாள் பெரியத்தையும் போனார்கள். ராத்தங்கி மறுநாள் வருவதாக ஏற்பாடு. “சூதானமாப் போயிட்டு வாங்கத்தை” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினேன். மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக என் வீட்டுக்காரரும் கிளம்பினார். கதவைச் சாத்தியவுடன் முந்தானையை இழுத்துச் செருகினேன். இன்றைக்கு அந்தப் பரணை ஒரு கை பார்ப்பது என்று முடிவு. வந்து கத்தினால் கத்தட்டும். என்ன சொன்னால் என்ன திருப்பிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஏணியைச் சாத்தி ஏறி, போர்வையை உருவி எறிந்தேன். மூலையில் ஓலைப்பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. இரண்டையும் தொடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மற்ற இடமெல்லாம் பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டிய உருப்படிகள். பெரிதும் சிறிதுமாக, இடைவெளி இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அடுக்கியிருந்தது. அத்தைக்கு அடுக்கத் தெரியாது என்று யார் சொன்னது? ஒவ்வொன்றாக இறக்கினேன். அடுப்படித் தரை நிறைந்து கூடத்துக்கும் போய்விட்டது. தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. புழங்காத சாமானை எல்லாம் மேலே ஏற்றிவைத்து என் வாழ்க்கையைச் சாக்கில் கட்டிவிட்டாரே என்று வைதுகொண்டே ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளே உலைப்பானை. புத்தம் புதிது. என் முகம் அதில் தெரிந்தது. முகத்துக்குக் கீழே பேர் வெட்டியிருந்தது. பவுனு.

இன்னொன்றைப் பிரித்தேன். தூக்குவாளி. பவுனு. வட்டில்கள், பவுனு. பணியாரச் சட்டி, இட்லிக் கொப்பரை, தண்ணீர்க் குடம், முறுக்கு உரல், எல்லாவற்றிலும் பவுனு, பக்கத்தில் ஒரு பூ. எந்தப் பிள்ளையும் ஒன்பது வயதில் முறுக்கு உரல் வைத்துக்கொள்வதில்லை. இது சீர். செத்துப்போன மகளுக்கு ஒரு தாய் சேர்த்து வைத்த முழுச் சீர்.

 முதலில் வந்தது கோபம்தான். அடிப்பாவி, உயிரோடு ஒருத்தி கட்டிலடியில் சாக்கை வைத்துக்கொண்டு படுக்கிறாள், இல்லாதவளுக்கு இத்தனை இடமா! அப்புறம்தான் பயம் வந்தது. அத்தை அவளுக்கு வயது ஏற்றிவிட்டார். பெரியத்தைக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெட்டி போய்விடும். பெட்டி போனால் அத்தை இருக்க மாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி ஏறித் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியிலிருந்து மேலே வரவர அவள் வளர்ந்திருந்தாள். முழங்கால் பாவாடை, கணுக்கால் பாவாடை. நடுவில் ஒரு மஞ்சள் பட்டுப்பாவாடை, மடிப்பில் காய்ந்த வெற்றிலை. அத்தை தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குச் சடங்கும் வைத்திருக்கிறார். பிறகு தாவணிகள். பிறகு சேலைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாம்பழக் கலர்ப் பட்டு.  என் கல்யாணத்துக்கு அத்தை எடுத்துத் தந்தது அதே கலர், அதே கரை. ஒரே கடையில், ஒரே நாளில் இரண்டு எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பெட்டியில் ஒரு துணியும் இல்லை.

பெட்டியை மூடிவிட்டுக் காலியான பரணைத் துடைத்தேன். துடைத்த இடத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன். வெளியே மேகமலைப் பக்கம் இருண்டு சாரல் காற்று வீசியது, மேல் ஜன்னல் வழியாக முகத்தில் ஈரம் பட்டது. கீழே என் அடுப்படி தெரிந்தது. ஏழு வருஷத்தில் அதை மேலிருந்து பார்த்ததே இல்லை. என்ன அதிசயம், அது பெரிதாக இருந்தது.

“கதவுக்குப் பின்னால சும்மாதேன கெடக்கு மதினி?”

பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மாம்பழக் கலர்ப் பட்டு, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு. என் வயதுதான். மூக்கு மட்டும் அவள் அண்ணன் மூக்கு. எனக்குப் பயமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“ரெண்டு ஆணி அடிச்சா மொறம், சல்லடை, அருவாமனை எல்லாம் அங்கன தொங்கும்ல?” என்றாள்.

“அருவாமனையத் தொங்கவிட்டு யாரு கழுத்துல விழுறதுக்கு?”

“சரி, அது வேணாம். சன்னல் கொறட்டுல ஒரு பலகையப் போடுங்க. பொடி டப்பா பூராம் வெளிச்சத்துல நிக்கும். மேடைக்கு அடியில நடுவாந்தரமா இன்னொரு பலகை. கீழ தேங்கா, மேல வெங்காயம். டிரம்மு தலையில புளிப்பானைய வச்சுக்கிட்டு தெனம் எறக்கி ஏத்துறீகளே, ரெண்டையும் எடம் மாத்துங்க.”

அவள் சொல்லச் சொல்ல எனக்கும் தெரிந்தது. காலி இடம் எங்கும் இருந்தது. மூலையில், கதவிடுக்கில், நிலைக்கு மேலே, எல்லா இடமும் மேலே பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாந் தெரிஞ்ச மகராசி, இத்தன வருசமா ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“யாரு என்னைய நிமிந்து பாத்தா?”

“நான் தெனம் படுத்துக்கிட்டுப் பாத்தேன்ல?”

“நீங்க பரணப் பாத்தீக” என்றாள்.

 பேச்சை மாற்றி, அடுக்குவதற்கு நான் வைத்திருந்த கணக்கைச் சொன்னேன். “தெனம் எடுக்கிறது கைக்கு எட்டணும் பவுனு. என்னைக்காவது எடுக்கிறது கொஞ்சம் மேல இருக்கலாம். வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிறது பரணுக்குப் போயிரணும்.”

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். “என்னைய வருசத்துக்கு ஒருக்காத்தேன எடுக்கிறாக” என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.  சாரல் உள்ளே வந்து விழுந்தது. அவள் சேலை நனையவில்லை, என் சேலை நனைந்தது.

வாசல் கேட் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. மொக்கம்மாள் பெரியத்தையின் குரல் தெருவுக்கே கேட்டது. விருந்தில் அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம், சோறு தின்ற கையோடு அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார்கள். நான் ஏணியிலிருந்து பாதி இறங்குவதற்குள் அத்தை கூடத்துக்குள் வந்துவிட்டார்.

பார்த்தார். கூடம் முழுக்கப் பாத்திரம், பேப்பர், சணல். அத்தையின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.  கையிலிருந்த பை நழுவி விழுந்து வெற்றிலை சிதறியது. அந்த நிமிஷம் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“என்னத்தா இது, பாத்திரக்கடை போட்டிருக்க?” என்று பெரியத்தை அவருக்குப் பின்னால் நுழைந்தார். குனிந்து தூக்குவாளியை எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பெரியத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். “ப... வு... னு...” என்றவர், அத்தையை ஒரு பார்வை பார்த்தார். “ராக்கு, இது யாரு சாமான்?”

“எஞ்சாமான் பெரியத்தை” என்றேன், ஏணியில் நின்றபடியே. “எங்கம்மா குடுத்த சீரு. இன்னைக்குத்தேன் எறக்கி அடுக்கலாம்னு...”

“ஓம்பேரு ஹேமாவதிங்கிறாக?”

“அது பள்ளிக்கூடத்துப் பேரு. எங்க வீட்டுல என்னையப் பவுனுன்னுதேன் கூப்பிடுவாக. இங்கன கன்னி பேரும் அதுவாப் போச்சா, அத்தை சங்கடப்படுமேன்னு வெளிய சொல்லிக்கல.”

எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. பெரியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அடி ஆத்தே! சாமியே தேடிப் பிடிச்சுக் கொண்டாந்திருக்குன்னு சொல்லு. ராக்கு, நீ குடுத்து வச்சவ!” தூக்குவாளியைக் கீழே வைத்தார். பந்தியில் நடந்த அநியாயத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வாசலில் நின்று, “வரட்டா பவுனு?” என்று கூப்பிட்டார்.

“சூதானமாப் போயிட்டு வாங்க பெரியத்தை” என்றேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அத்தை சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். கும்பிடப் போகிறார் என்றுகூட நினைத்தேன். காப்பாற்றியிருக்கிறேன் அல்லவா?

“எம்மக பேர எடுத்துக்கிற நீ யாருடி?” என்றார்.  “அவ போனதுக்கப்பறம் அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிட்டதில்ல இந்த வீட்டுல. நீ பாட்டுக்கு ‘போயிட்டு வாங்க’ங்கிற!”

“வேற என்னத்தச் சொல்லச் சொல்றீக? பெட்டியத் தூக்கிருப்பாகல்ல?”

“அதுக்குத்தேன எறக்கிப் பரப்பி வச்ச!”

அவ்வளவுதான், எனக்கும் பொங்கிவிட்டது. “நான் எடந்தேடி எறக்குனேன். ஏழு வருசமா என் சாமான் சாக்குல கெடக்கு அத்தை. செத்தவளுக்குப் பரணு, உசுரோட இருக்கிறவளுக்குக் கட்டிலடி. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தேனா, தங்கிட்டுப் போக வந்தேனா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

செத்தவள் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அத்தை அப்படியே பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். சாரல் நின்று, வீடு அமைதியாகிவிட்டது. தரையில் கிடந்த ஒரு பேப்பரை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அவ கூடப் படிச்ச புள்ளைக எல்லாம் தெருவுல வளந்துக்கிட்டே போச்சுக” என்றார், என்னைப் பார்க்காமல். “அதுக தாவணி போட்டுக்கிட்டுப் போகையில எம்புள்ள மட்டும் குட்டப்பாவாடையோட பரண்ல ஒக்காந்திருக்கணுமாத்தா? எனக்கு மனசு ஆறல. அதுக சமஞ்சுச்சுக, நானும் ஒரு மஞ்சப்பாவாடைய வச்சுக் கும்பிட்டேன். அதுகளுக்குச் சீர் சேத்தாக, நானும் சேத்தேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதேன் செஞ்சேன்.”

நான் ஏணிக்கடியில் உட்கார்ந்தேன். “அப்பறம் ஏன் நிறுத்துனீக?”

“நீ வந்தேல்ல? ஒனக்குப் பட்டு எடுக்கையில அவளுக்கும் ஒண்ணு எடுத்தேன். அண்ணங் கல்யாணத்தோட அவளையும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்தாச்சுன்னு மனசுக்குள்ள முடிச்சுக்கிட்டேன். இனிப் போயிருவா, நிம்மதியா இருப்பான்னு நெனச்சேன். போகலத்தா. மதியத்துல படுத்தா மேல இருக்கான்னுதேன் தோணுது. சீரு பூராம் இங்கன கெடக்கு. ஒரு சாமானக்கூடப் புழங்காம, புள்ள எப்படி வாழப்போவா?”

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்தினார். கட்டில் கிடக்கும் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். 

“ஒன்னையும் அப்படித்தேன் வச்சிருந்தேனா?” என்றார்.

இல்லை அத்தை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாகரிகத்துக்காவது சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு வரவில்லை. “ஆமத்தை” என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷத்து அழுகை, நிற்கவே இல்லை. அத்தையும் அழுதார். சமாதானம் சொல்ல யாரும் இல்லாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அழுது தீர்த்தோம்.

பிறகு அவர் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். சாக்கைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவரே பல்லால் கடித்து அவிழ்த்தார். என் பாத்திரங்கள் வெளியே வந்தன. அத்தை ஒரு கும்பாவை எடுத்து, விரலால் பேரைத் தடவி, “இதானா ஓம்பேரு?” என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “ஆமத்தை, ஹேமாவதி” என்றேன். “நீளமாத்தேன் இருக்கு” என்றார்.

கூடத்தில் இரண்டு சீரும் ஒன்றாகக் கிடந்தன. எது யாருடையது என்று தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

“அவள எறக்கிட்ட” என்றார் அத்தை. “இனி அவளக் கொண்டுபோயி எங்கன வப்ப?”

“அடுப்படியிலதேன். எடம் இருக்கு அத்தை, நான் பாத்து வச்சிருக்கேன். நாளைக்கு ரெண்டு பலகை வாங்கியாரச் சொல்லுவோம்.”

“புழங்குனா தேஞ்சுபோகும். நசுங்கும்.”

“நசுங்கட்டும். என்னுதும் நசுங்கட்டும். ரெண்டு பேரும் இந்த வீட்டுலதேன இருக்கப்போறோம்?”

 என் வீட்டுக்காரரும் மகனும் வரும் நேரமாகிவிட்டது, உலை வைக்க வேண்டும். நான் பிரித்து வைத்திருந்த அந்த உலைப்பானையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றித் தீப்பெட்டியைத் தேடினேன்.

“ஏத்தா, ஏத்தா, கழுவாமலா வப்ப?” அத்தை எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டுப் பானையை இறக்கினார். புளியை எடுத்து உள்ளும் புறமும் தேய்க்க ஆரம்பித்தார். “புதுப்பானடி. எம்மக இன்னும் ஒரு நாகூடப் புழங்கல.”